விட்டுக்கொடுக்க வேண்டியது யார்?

ஹில்கிராஃப்ட் பக்கம் மளிகை வாங்கக் கிளம்பும்போது லினக்ஸ் கர்னல் பில்டை ஓடவிட்டுப் போவது என் சனிக்கிழமை வழக்கம். ஹூஸ்டனின் மகாத்மா காந்தி மாவட்டத்தில் இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் வாங்கித் திரும்புவதற்குள் முடிந்திருக்கும். ஒரு கம்பைலரில் முடிந்த பில்ட் இன்னொன்றில் நின்றுபோனால், கைவைக்கும் முன் ஒன்றை யோசிப்பேன்: இங்கே மாற வேண்டியது கம்பைலரா, கர்னலா? லினக்ஸில் இரண்டுக்கும் நல்ல சான்றுகள் உண்டு.

2018-இல் வந்த லினக்ஸ் 4.17, எக்ஸ்86 கர்னலுக்கு ‘ஏஎஸ்எம் கோட்டூ’வைக் கட்டாயமாக்கியது. சி நிரலுக்குள் எழுதிய அசெம்பிளித் துண்டிலிருந்து நேராக ஒரு சி லேபிளுக்குத் தாவும் வசதி அது. ஜிசிசி கம்பைலரில் அது 2010 முதலே உண்டு, கிளாங் கம்பைலரில் அப்போது இல்லை. பில்டை நடத்தும் மேக்ஃபைல் சோதித்துப் பார்த்து, ஒரே வரியில் காரணம் சொல்லி நிறுத்திவிட்டது.

கர்னல் பக்கத்துப் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. கர்னலுக்குள் ஆயிரக்கணக்கான இடங்களில் கண்காணிப்புப் புள்ளிகள் உண்டு. பெரும்பாலும் அணைந்தே கிடப்பவை. ஒவ்வொன்றிலும் ‘இஃப்’ போட்டுச் சோதித்தால் வேகம் குறையும். ஏஎஸ்எம் கோட்டூ இருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத ஒரு கட்டளை மட்டும் இருக்கும். கண்காணிப்பை இயக்கும்போது, கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டளை தாவலாகத் திருத்தி எழுதப்படும். இதை விட்டுத்தரச் சொல்வது சரியல்ல. கிளாங்தான் கற்றுக்கொண்டது, 2019 செப்டம்பரில், 9-ஆம் பதிப்பில்.

2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15-இன் கதை வேறு. எந்த சி தரம் வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது சி23 என்று எடுத்துக்கொள்ளும். சி23-இல் ‘பூல்’, ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். கர்னலோ ‘ஃபால்ஸ்’ 0, ‘ட்ரூ’ 1 என்று தானே வரையறுத்து வைத்திருந்தது. கம்பைலர் மறுத்தது.

ஆனால் 2022-இல், லினக்ஸ் 5.18-லேயே, க்னூ11 என்ற பழைய சி தரம்தான் என்று கர்னலின் முதன்மை மேக்ஃபைல் சொல்லிவிட்டதே? சிக்கல் எக்ஸ்86-இன் பூட் அடைவில் இருந்தது. சுருக்கிய கர்னலை விரிக்கும் நிரல், கர்னல் எழும் முன்பே ஓடுவது. அதற்குத் தனி ஆப்ஷன்கள் வேண்டும். அதனால் அங்குள்ள மேக்ஃபைல் பொதுப் பட்டியலோடு கூட்டல்குறி போட்டுச் சேர்க்காமல், முக்காற்புள்ளியும் சமக்குறியும் போட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. அந்த இரண்டு குறிகளில் க்னூ11 உதிர்ந்துபோனது. பழைய ஜிசிசிகளில் அது யார் கண்ணிலும் படவில்லை.

இங்கே கம்பைலர்மீது குற்றமில்லை. வரையறைகளைச் சுற்றி சி23-க்கென ஒரு நிபந்தனை போட்டும் சமாளித்திருக்கலாம். எனக்கு அது பிடிக்காது. அப்படிச் செய்தால் ஒரே கர்னலின் ஒரு மூலை மட்டும் வேறு தரத்தில் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும். ஜிசிசி 15 வெளியாகும் முன்பே வந்த திருத்தம், அந்த மேக்ஃபைலில் க்னூ11-ஐ மட்டும் சேர்த்தது. இஎஃப்ஐ வழியாகத் துவக்கும் பகுதியிலும் இதே ஆப்ஷன்தான் விடுபட்டிருந்தது. அங்கும் அதையே சேர்த்தார்கள்.