சோலையும் ஷோலிகோலாவும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில், மலைவளைவுகள் ஆரம்பிக்குமிடத்தில் உள்ள கல்லாறு என்னும் ஊரின் பெயர், தமிழனுக்கும் மலையாளிக்கும் ஒருபோலவே அர்த்தமாகும். அங்கிருந்து அகத்தியமலை வரை உயர்ந்து செல்லும் அசம்பு மலைத்தொடரின் உச்சிக் காடுகளில் வாழும் ஒரு சிறு நீலப் பறவையின் பெயரோ, இரு மொழிக்கும் உரிய சொற்களாலாகியும், இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

இதன் உறவான நீலகிரிப் பறவையை முதலில் சாஸ்திர ரீதியாக வருணித்தவர், சென்னை ராஜதானியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராயிருந்த ஜெர்டன். செவ்வால் என்று பொருள்படும் ‘ஃபீனிகூரா’ என்னும் பேரினத்தில் அவர் அதைச் சேர்த்தார். பின்வந்தோர் அதைக் ‘கல்லீனி’ என்றனர்; குறுஞ்சிறகு என்று பொருள்படும் ‘பிராகிப்டெரிக்ஸ்’ என்றனர்; அதன்பின் ‘மையோமிலா’ என்றனர். வாலையும் சிறகையும் பார்த்து உறவு கற்பித்த காலத்தில், தூரதேசத்துப் பறவைகளே இதற்குப் பங்காளிகளாயின.

ரத்தத்திலும் திசுவிலும் உள்ள மரபணுக்களை ஒப்பிட்டு, 2017-இல் வி. வி. ராபினும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சியே அந்தப் பங்காளி உறவை அறுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கிளைத்து வளர்ந்த தனிப் பேரினம் இது என்று கண்ட அவர்கள், ‘ஷோலிகோலா’ என்று நாமகரணம் செய்தார்கள். புல்வெளிகளுக்கிடையே பள்ளத்தாக்குகளில் ஒடுங்கி நிற்கும், என்றும் பசுமையான குறுமரக் காட்டை மலைவாசிகள் ‘சோலை’ என்பதைக் கேட்டு, ஆங்கிலேயர் ‘ஷோலா’ என்று எழுதிவைத்தனர். அதனோடு, வசிப்பது என்று பொருள்படும் லத்தீன் ஈறு கூடிச் ‘சோலைவாசி’ பிறந்தது. இப்பேரினத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள இனம் ‘மேஜர்’. அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே உள்ளது, வெண்வயிறு என்னும் பொருளில் ‘அல்பிவென்ட்ரிஸ்’. செங்கோட்டைக்குத் தெற்கே உள்ளது ‘அசம்புயென்ஸிஸ்’. மலையுச்சியை விட்டு இறங்காத இப்பறவைகளுக்குக் கணவாயின் தாழ்நிலம் கடல்போலத் தடையாகி, நெடுங்காலத்தில் மூன்று இனங்களாக்கிவிட்டது. ஆகவே, அசம்பு என்னும் பெயர் இங்கே அலங்காரமன்று. இனம் பிரிந்த காரணத்தையே சுட்டும் பெயர்.

வழக்குப் பெயராக ராபின் குழுவினர் இட்ட ‘ஷோலாக்கிளி’யில்தான் மொழிகள் பிரிகின்றன. மலையாளத்தில் கிளி என்பது சிறு பறவை எதற்கும் பொது. பச்சைக்கிளியை அங்கே ‘தத்த’ என்பர். தமிழில் கிளி பச்சைக்கிளியே. ‘சோலைக்கிளி’ என்று மாற்றி எழுதினால், தரையோரப் புதர்களில் புழுபூச்சி தேடும் இந்த நீலப் பறவை, வாசகன் மனத்தில் வளைந்த சிவந்த மூக்குடன் கொய்யாக்கனி கொத்தும். தமிழில் சிறு பறவைக்குப் பொதுச்சொல்லாகக் குருவி இருக்கிறது. ஆதலால் இதனைச் ‘சோலைக்குருவி’ என்று வழங்குவதே நமக்குத் தகும்.