கவிழ்ந்தால் ஏறி உட்காரும் மரம்

தஞ்சைச் சீமைக்காரர்களுக்குக் கடல் என்பது வடிகால் போய் முடிகிற இடம். மேட்டூர் எப்போது திறக்கும், முறை வைத்து விடுவார்களா, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்று மேற்கே பார்த்தே எங்கள் பேச்சு ஓடும். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவன். எங்கள் வீட்டில் கடல் பேச்சு எழுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவும் வயலில் நிற்கிற வெள்ளத்தைக் கடல் வாங்க மாட்டேன் என்கிறது என்ற புகாராக இருக்கும்.

இத்தனைக்கும் 1991 வரை நாகப்பட்டினமும் வேதாரண்யமும் தரங்கம்பாடியும் தஞ்சாவூர் மாவட்டம். எங்கள் சரித்திரப் பாடத்திலும் கடல் உண்டு. நாகையில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்து வருவாயைக் கொடுத்தது வரும். ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியது வரும். விடியலுக்கு முன் போய் மத்தியானம் திரும்பி மீன் விற்கிறவன் மட்டும் அந்தப் பாடத்தில் வரமாட்டான். நாகைக்குத் தெற்கே ஒரு கடலோரப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராகப் போன பிறகுதான் நான் அவனைப் பார்த்தேன். பருவக்காற்று என்று கரும்பலகையில் அம்பு போட்டுக்கொண்டிருப்பேன். கடைசி பெஞ்சில் இருக்கிற பையனுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக் காற்றும் பெயரோடு தெரியும்.

அந்தப் பையன்களில் ஒருவனின் தாத்தாவிடம்தான் கட்டுமரம் பற்றிக் கேட்டுக்கொண்டேன். வீட்டில் அவரைப் பெரியவர் என்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவருக்கு நான் "வாத்தியாரே".

"மரம் கவுந்துபோச்சுன்னா என்ன செய்வீங்க பெரியவரே?"

"ஏறி உக்காருவோம் வாத்தியாரே."

கேலி இல்லை. கட்டுமரத்தின் சூட்சுமமே அந்தப் பதிலில் இருக்கிறது. படகு என்றால் குழிவு இருக்க வேண்டும். குழிவு இருந்தால் அதில் தண்ணீர் ஏறலாம், ஏறினால் மூழ்கலாம். கட்டுமரத்தில் குழிவே கிடையாது. இலேசான மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கயிற்றால் இறுக்கியது. ஆணி இல்லை. மேலே ஏறுகிற அலை மரத்துக்கு மரம் உள்ள இடுக்கு வழியே இறங்கிவிடும். இறைத்துக் கொட்ட வேண்டிய வேலையே இல்லை. திருக்குவளையில் பிறந்த கலைஞர் மேடையில் தன்னைக் கட்டுமரத்தோடு சேர்த்துப் பேசுவார். அந்த வசனம் எங்கள் கரையில் விளைந்த சரக்கு.

கரைக்கு வந்ததும் கட்டுமரக்காரர்கள் செய்கிற வேலைகளை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். வலையை இறக்குவார்கள், மீனைப் பெண்கள் கூடையில் வாரிப்போவார்கள், பிறகு கட்டை அவிழ்த்துவிடுவார்கள். சற்று முன்பு கடலில் ஆளைச் சுமந்தது மணலில் தனித்தனிக் கட்டையாகக் கிடக்கும். இரண்டு பேர் ஒரு கட்டையைத் தோளில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் தாழ மிதக்கும். காயவைப்பதுதான் அவர்களுடைய பாதுகாப்புச் சோதனை. மறுநாள் இருட்டில் திரும்பக் கட்டும்போது ஒவ்வொரு முடிச்சும் கைபட்டுப் போகும். நைந்த கயிறு விரலுக்குத் தெரிந்துவிடும். பெரியவர் முடிச்சைப் போட்டு, குதிகாலை மரத்தில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுப்பார். இழுத்த பிறகு ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். எதற்கு என்று கேட்டதற்கு, "சத்தம் சொல்லும்" என்றார். எனக்கு அது கடைசி வரை ஒன்றும் சொல்லவில்லை.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் வெளியான தன் பயணநூலில் இந்த மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர் ஆள் மட்டும் போகும் சிறிய மரம் அவர் பார்த்தது. அதில் உட்கார்ந்தவனின் காலும் பிட்டமும் எந்நேரமும் தண்ணீரில் இருப்பதை அவர் குறித்துவைத்தார். அடுத்து வந்த வெள்ளைக்காரர்கள் பலருக்கும் அதே வியப்புத்தான். நனைவதை அவர்கள் கஷ்டமாகப் பார்த்தார்கள். வெதுவெதுப்பான கடலில் நனைந்தால் ஆள் செத்துப்போக மாட்டான். அதனால் நனைய விட்டே கட்டினார்கள்.

கடல் குளிர்ந்தால் கணக்கு மாறும். அதற்கு உதாரணம் தேடி நான் ரொம்ப தூரம் போகவில்லை, தரங்கம்பாடிக்குத்தான் போனேன். 1706இல் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களை அனுப்பிய டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் ஆட்சியிலேயே, 1721இல், ஹான்ஸ் எகெடே என்ற போதகர் கிரீன்லாந்துக்குப் போனார். கோபன்ஹேகனில் 1714இல் தொடங்கிய மிஷன் சபை இரண்டு இடத்தையும் கவனித்துக்கொண்டது. ஒரே அலுவலகத்துக்கு ஒரு பக்கம் கட்டுமரக் கரையிலிருந்து கடிதம், இன்னொரு பக்கம் கயாக் கரையிலிருந்து கடிதம்.

கயாக் என்பது கட்டுமரத்துக்கு நேர் எதிரான யோசனை. மெல்லிய சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துப் போர்த்திய ஒடுங்கிய படகு. நடுவில் ஓர் ஓட்டை. அதில் ஆள் உட்கார்ந்து, தோல் உடுப்பை ஓட்டையின் விளிம்போடு சேர்த்து இறுக்கிக்கொள்வான். ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. கவிழ்ந்தால் வெளியே வரவும் முடியாது. வந்தாலும் அந்தக் கடலில் கொஞ்ச நேரத்தில் உடம்பு விறைத்துவிடும். அதனால் தலை கீழே தொங்கியபடியே துடுப்பை வீசி, படகோடு சேர்ந்து உருண்டு மேலே வர வேண்டும். டேவிட் கிரான்ஸ் 1765இல் வெளியிட்ட கிரீன்லாந்து வரலாற்றில் அந்த உருட்டலுக்கான பயிற்சிகளை வரிசையாக எழுதிவைத்தார். துடுப்பு கைநழுவிப் போனால் என்ன செய்வது என்பதற்குக்கூட அதில் பயிற்சி உண்டு. கிரான்ஸ் மொராவிய சபைக்காரர். அதே சபை 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு கடலையும் பார்த்த சபை என்பதால் இதைச் சொல்கிறேன். எங்கள் பையன்களுக்கும் பயிற்சி உண்டு, எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை. அலை முறிகிற இடத்தில் ஒற்றைக் கட்டையைப் போட்டு ஏறுவார்கள், விழுவார்கள், திரும்ப ஏறுவார்கள். ஊரில் யாரும் அதைப் பாடம் என்று நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வராமல் திரிகிற வேலை என்று நானே திட்டியிருக்கிறேன்.

தரங்கம்பாடியில் டேனியர் குடியேறியதே கடலில் தப்பியவர்களால்தான் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். 1619இல் டேனியர்களின் முதல் கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுக்கீசியர் தாக்கினார்கள். அதில் வந்த ரோலண்ட் கிராப்பேயும் பதின்மூன்று பேரும் கரையேறி, தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். அந்தச் சந்திப்பின் தொடர்ச்சிதான் 1620இன் ஒப்பந்தமும் டேனிஷ் கோட்டையும். தப்பியவர்கள் கட்டியது அது ஒன்று மட்டுமல்ல. வேளாங்கண்ணியில் புயலில் சிக்கிப் பிழைத்த போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கோயில் எழுப்பினார்கள் என்பது அந்த ஊர் மரபு. நாகூர் ஆண்டவரிடம் கப்பல்காரர்கள் நேர்ந்துகொள்வது இன்றும் உண்டு. கப்பலில் விழுந்த ஓட்டையை அவர் தம் கண்ணாடியை எறிந்து அடைத்த கதையை நாகையில் எந்த மதத்துக்காரரும் சொல்வார். நாகூரின் பெரிய மனாரா 131 அடி. தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப்சிங் கட்டிக்கொடுத்தது. பெரியவர் அதை வேறு விதமாகப் புரிந்துவைத்திருந்தார். மனாரா எந்தப் பக்கம், வேளாங்கண்ணிக் கோபுரம் எந்தப் பக்கம் என்று இரண்டையும் பார்த்தால் கடலில் நிற்கிற இடம் தெரிந்துவிடும் என்பார். சமதரையான டெல்டாவில் மலையா குன்றா இருக்கிறது? கும்பிடவும் குறி பார்க்கவும் ஒரே கோபுரம்.

கோபுரம் காற்றைச் சொல்லாது. அதைச் சொல்லத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்த பிறகு கிழக்குக் கரைக்குப் புயல் எச்சரிக்கை வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் என்று கம்பத்தில் ஏற்றுகிற அடையாளங்கள் வந்தன. "நாகையில் 3ஆம் எண் கூண்டு" என்று திருச்சி வானொலி சொன்னால் எங்கள் அப்பா அறுப்புக்கு ஆள் தேடக் கிளம்பிவிடுவார். எண் கூடினால் ஆபத்து கூடும் என்றுதான் வயல்காட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பாதிதான் சரி. 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம். 8 என்றால் கடுமையான புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுக் கடக்கும், 9 என்றால் வலப்புறம் விட்டு, 10 என்றால் துறைமுகத்தின் மேலேயே. 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

இடம் வலம் ஏன் முக்கியம் என்று நான் வகுப்பில் படம் போட்டுக் காட்டுவேன். நம் பக்கத்துப் புயல் கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும், மேற்கே நகரும். மையத்துக்கு வடக்கே இருக்கிற ஊருக்குக் காற்று கடலிலிருந்து அடிக்கும், தண்ணீரைக் கரைமேல் ஏற்றும். தெற்கே இருக்கிற ஊருக்குக் காற்று நிலத்திலிருந்து அடிக்கும். அந்த ஊரில் கரையில் இருக்கிறவனுக்குக் கடல் உள்வாங்கியதுபோல் தெரியும். கடலில் இருக்கிறவனை அது இன்னும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். இந்தப் படத்தைப் பேரன் வீட்டில் காட்டியிருக்கிறான். பெரியவர் அடுத்த முறை பார்த்தபோது, "மேகாத்துதான் ஆளக் கொல்லும்னு எங்களுக்குத் தெரியும், ஏன்னு இப்பதான் தெரியுது" என்றார். மேகாத்து என்றால் நிலத்திலிருந்து அடிக்கும் மேல்காற்று. இளவயதில் அப்படி ஒரு காற்றில் பாய்மரம் முறிந்து ஒரு ராத்திரி முழுக்க வெளியே போயிருக்கிறார்கள். துடுப்பு போட்டுக் கரையை நோக்கி மல்லுக்கட்டவில்லை. வலையைக் கயிற்றோடு முன்பக்கம் கடலில் இறக்கிவிட்டார்கள். அது தண்ணீரில் பிடித்து இழுக்க, மரத்தின் அணியம் அலைக்கு நேராகத் திரும்பி நின்றது. ஆளுக்கு ஒரு கையை மரக்கட்டில் கோத்துப் படுத்துக்கொண்டார்கள். நீந்திப் போகிறேன் என்று கிளம்பிய சின்னவனை மட்டும் அடித்து உட்காரவைக்க வேண்டியிருந்ததாம்.

1952 நவம்பர் 30, 1955 டிசம்பர் தொடக்கம், 1977 நவம்பர் 12. எங்கள் பகுதியில் வயதானவர்கள் பிள்ளை பிறந்த வருஷத்தை இந்தப் புயல்களை வைத்துச் சொல்வார்கள். 1977இல் மட்டும் 500க்கு மேற்பட்டோர் போனார்கள்.

கூண்டு ஏற்றாமல் வந்தது 2004 டிசம்பர் 26. அன்றைக்குக் கடலில் தொலைவாகத் தொழிலுக்குப் போயிருந்த பலருக்கு எதுவும் தெரியவில்லை. ஆழக் கடலில் சுனாமி ஒரு மீட்டர்கூட எழாது. அது எழுவது கரை நெருங்க நெருங்க. அவர்கள் திரும்பி வந்தபோது கரைதான் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள் 6,065 பேர். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை என்ற பெயர்களை அதன் பிறகு உலகம் முழுக்கச் சொன்னார்கள். அதே காலையில் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு கிராமம் தப்பியது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் அமைத்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. வழக்கமாக அலை உயரமும் மீன் விலையும் சொல்கிற ஒலிபெருக்கி. அதில் ஓடச் சொன்னார்கள், ஊர் ஓடியது.

கட்டுமரத்தின் காலம் ஏறக்குறைய அதோடு முடிந்தது. நிவாரணமாக வந்தவை ஃபைபர் படகுகள். வேகம் உண்டு, இன்ஜின் உண்டு, கட்டுமரம் ஒரு நாளில் போகாத தூரத்துக்கு ஓரிரு மணி நேரத்தில் போகலாம். குழிவும் உண்டு. இன்ஜின் நின்றால் துடுப்பு போட்டுத் திரும்ப முடியாத தூரம் அது. முன்பு மரத்திலேயே இருந்த பாதுகாப்பை இப்போது தனியாக வாங்கி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றுகிறார்களா என்றால், லைஃப் ஜாக்கெட் பெரும்பாலும் உட்கார்ந்துகொள்ளத்தான். போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது, வேர்க்கும், தூண்டில் முள் மாட்டும் என்பார்கள். மூன்றும் உண்மை, கரையில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் திட்டுவதற்கு முன் ஒருமுறை அதை மாட்டிக்கொண்டு வலை இழுத்துப் பார்க்கலாம்.

2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் பயணத்தில் இருந்தார்கள். செல்போன் எட்டாத தூரத்தில் அவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல வழியில்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் ஜெமினி என்ற கருவியை 2019இல் வெளியிட்டார்கள். கடலோரக் காவல்படையை அழைக்க 1554 இருக்கிறது. ஒக்கிக்கு அடுத்த வருஷம், 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் எங்கள் தலைமேலேயே கரை கடந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்து படகுகள் கரைக்குத் திரும்பியிருந்தன. மல்லிப்பட்டினத்திலும் சேதுபாவாசத்திரத்திலும் நொறுங்கியவை கட்டிப்போட்டிருந்த படகுகள். உள்ளே தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. கடலைப் பார்க்காத பட்டுக்கோட்டைக்காரன்தான் அந்த முறை கடலில் அகப்பட்டவன் மாதிரி நின்றான்.

பெரியவரின் பேரன் இப்போது ஃபைபர் படகு வைத்திருக்கிறான். நான்கு பேர் போகிறார்கள். படகின் ஓரமாக மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்களை வரிசையாகக் கட்டியிருக்கிறான். ஒக்கியில் படகு கவிழ்ந்த சிலர் காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்ததைப் பேப்பரில் படித்திருக்கிறான். எத்தனை கேன் கட்டினால் தண்ணீர் நிறைந்த படகு முழுகாமல் நிற்கும் என்று என்னிடம் கேட்டான். படகின் எடை, இன்ஜின் எடை எல்லாம் எழுதித்தரச் சொன்னேன். ஐஸ் பெட்டியைச் சேர்க்கவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.