பரிசல் ஓட்டுநர் உரிமம் (ஒகேனக்கல்)

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல்லில், காவிரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பரிசல் ஓட்டுவதற்குத் தேவைப்படும் அனுமதி. உரிமம் பெற்ற பரிசல் ஓட்டிகளே பயணிகளை ஏற்றலாம்; பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிவது கட்டாயம்.

மூங்கில் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்படும் பரிசலுக்கு முன்பு தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். முன்புறம், பின்புறம் என்று எதுவும் இல்லாததால் துடுப்பு சற்றுப் பிசகினாலும் அது தட்டாமாலை சுற்றும். பாறை இடுக்குகளில் சுழல் எங்கே, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையெல்லாம் இளைஞர்கள் மூத்தவர்களோடு ஆற்றில் இறங்கியே பழகுகிறார்கள். இப்படி அனுபவத்தால் பழகுவதற்கு மாறாக, கனடாவில் மோட்டார் படகு ஓட்டுபவர் தேர்வெழுதித் தகுதி அட்டை பெறலாம்; 12 வயதுக்குட்பட்டோர் தனியாக ஓட்டினால் 10 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகைத் தொடக்கூடாது. துடுப்புப் பரிசலுக்குக் குதிரைத்திறன் கணக்கு ஏது? இங்கே அளவுகோல் ஆறுதான்.

கர்நாடக அணைகளிலிருந்து வரும் நீர், தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கப்படுகிறது. வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிக்கும். அந்நாட்களில் உரிமம் கையில் இருந்தும் பரிசல்கள் கரையில் கவிழ்ந்தே கிடக்கும்.

1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, பரிசல் போன்ற இயந்திரமில்லாக் கலங்களுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியுள்ளது.