வளைவு மட்டும் எஞ்சிய தொழிற்கூடம்: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் கட்டட மறுபயன்பாடும்

முன்னுரை

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையோரம் நுழைவு வளைவு ஒன்று நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் எஞ்சியிருப்பது இவ்வளைவு மட்டுமே. பயன் முடிந்த இத்தொழிற்கட்டடம் மறுபயன்பாட்டிற்கு வராமல் மறைந்ததற்கான காரணத்தை, பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் நிலைபெற்ற தொழிற்கட்டடத்துடன் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிற்கூடமாகப் படப்பிடிப்பு நிலையம்

இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற சுந்தரம், ஆலைக்குரிய ஒழுங்கைத் திரைப்படத் தயாரிப்பிற்குள் கொணர்ந்தார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக்கூடம், படச்சுருள் கழுவும் கூடம் ஆகியன ஒரே வளாகத்துள் அமைந்தன. கலைஞர்களும் எழுத்தாளர்களும் மாத ஊதியம் பெற்றுப் பணியாற்றினர். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), மு.கருணாநிதி உரையாடல் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) உள்ளிட்ட 100க்கும் மேற்பட்ட படங்களை இந்நிறுவனம் தயாரித்தது. ஆகவே இதனைத் தொழிற்கூடம் எனக் கொள்வதே பொருந்தும்.

1963இல் சுந்தரம் மறைந்தார். 1980களின் தொடக்கத்தில் படத்தயாரிப்பு நின்றது. பின்னர் வளாகம் குடியிருப்புப் பகுதியாயிற்று.

லிங்கன் பல்கலைக்கழக நூலகம்

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1907இல் கட்டப்பட்ட இரயில்வே சரக்குக் கிடங்கு, பயனற்றுக் கிடந்த பின்னர், 2004இல் லிங்கன் பல்கலைக்கழக நூலகமாகத் திறக்கப்பட்டது. சரக்கின் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்ட தளங்கள் நூலடுக்குகளையும் தாங்கவல்லன. இவ்வாறே, உயர்ந்த கூரையும் இடையில் தூணற்ற பரப்பும் வேண்டுகின்ற படப்பிடிப்புத் தளம், நாடக அரங்காகவோ ஊடகப் பயிற்சிக்கூடமாகவோ மாறுவதற்கு இயல்பிலேயே தகுதியுடையது. எனவே இரண்டின் வேறுபாட்டிற்குக் கட்டட இயல்பு காரணமன்று.

காலமே வேறுபாட்டிற்குக் காரணம். லிங்கனில் கிடங்கு நின்றிருந்தபோதே அதன் அருகில் பல்கலைக்கழக வளாகம் உருவாயிற்று. சேலத்தில் படத்தயாரிப்பு நின்று பத்தாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே, 1997இல், பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியது. கட்டடத்தை ஏற்கவல்ல நிறுவனம் உரிய வேளையில் அருகில் இல்லை.

சட்டத்தின் இடைவெளி

தொல்லியல் சின்னங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், குறைந்தது 100 ஆண்டுகள் நிலவியவற்றையே தொன்மைச் சின்னமாகக் கொள்கிறது. படத்தயாரிப்பு நின்றபோது இந்நிலையத்தின் அகவை ஐம்பதைக்கூட எட்டவில்லை. எஞ்சிய வளைவிற்கும் 2035க்கு முன்னர் அத்தகுதி வாய்க்காது. கோயிலும் கோட்டையும் நூறாண்டைக் கடந்து நிற்கும். தொழிற்கட்டடமோ தொழில் நின்றவுடன் மனையாக மதிப்பிடப்படுகிறது.

முடிவுரை

வளைவு நிறுவனத்தின் பெயரைக் காக்கிறது. அங்கு நிகழ்ந்த உழைப்பின் அமைப்பைக் காட்டுவதில்லை. தொழிற்கட்டடத்தின் பாதுகாப்பு அதன் தொன்மையிலிருந்து தொடங்கினால் காலம் தாழ்ந்துவிடும். தொழில் நின்ற நாளிலிருந்தே அது தொடங்க வேண்டும். இடத்தேவை மிகுந்த பல்கலைக்கழகங்கள் புதிய கட்டடம் எழுப்புமுன், அண்மையிலுள்ள பயனற்ற தொழிற்கூடங்களை ஆராய்வது அதற்கு ஏற்ற வழியாகும்.