வைத்தியம் வளர்ந்த கதை - 27: வராதவரைத் தேடிய டாக்டர்

ஏழைகளிடம் காசு வாங்காத டாக்டரைப் பற்றி நம் ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. பிரிட்டிஷ் டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட்டை அந்த வரிசையில் நிறுத்த முடியாது. அவரும் யாரிடமும் ஃபீஸ் வாங்கியதில்லைதான். ஆனால் அதற்காக அவரை யாரும் மெச்ச வேண்டியதில்லை. 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை பிறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன் பிறகு அங்கே குடும்ப டாக்டர் நோயாளியிடம் கை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. தன்னிடம் பதிந்துகொண்டவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசே கொடுத்துவிடும்.

ஃபீஸ் என்ற அளவுகோலே இல்லாத இடத்தில் நல்ல டாக்டரையும் சுமாரான டாக்டரையும் எதை வைத்துப் பிரிப்பது? சேவை தொடங்கி இரண்டே ஆண்டில், 1950-ல், ஜோசப் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் அங்கே பல கிளினிக்குகளைச் சுற்றிப் பார்த்து 'லான்செட்' இதழில் ஓர் அறிக்கை வெளியிட்டார். தொழிற்சாலைப் பகுதிகளின் கிளினிக்குகளை அவர் வர்ணித்ததைப் படித்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். நெரிசல், அழுக்கு, நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்க நேரமில்லாத டாக்டர். வைத்தியம் இலவசமாகிவிட்டது, அதன் தரம் உயரவில்லை.

டியூடர் ஹார்ட் 1927-ல் லண்டனில் பிறந்தவர். தாயும் தந்தையும் டாக்டர்கள். தந்தை அலெக்சாண்டர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையினருக்கு அறுவை சிகிச்சை செய்யப் போனவர். மகன் கேம்பிரிட்ஜில் படித்தார், லண்டனில் டாக்டரானார். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்ட ரிச்சர்ட் டால், சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலில் படியும் கரித்தூசியை ஆராய்ந்த ஆர்ச்சி காக்ரேன் ஆகிய இருவரிடமும் வேலை பார்த்தார். இந்தப் பின்னணி உள்ளவர் ஆராய்ச்சிக் கூடத்திலேயே பெரிய ஆளாகியிருக்கலாம். இவரோ 1961-ல் பெட்டி படுக்கையோடு கிளின்கோரூக் போய்ச் சேர்ந்தார்.

தெற்கு வேல்ஸில், ஆவன் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருக்கும் ஊர் அது. மலை குறுக்கே நிற்பதால் சாலை அந்த ஊரோடு முடிந்துவிடும். அப்போது ஜனத்தொகை சுமார் 2,000. ஆண்களுக்கு நிலக்கரிச் சுரங்கம்தான் பிழைப்பு. 1970-ல் ஊர்ச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு டாக்டர்கள் பொதுவாகத் தண்டனை மாற்றலில் போவது போலத்தான் போவார்கள். இவர் அங்கேயே குடியிருந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைக் கழித்தார்.

அவர் கம்யூனிஸ்ட். அதை ஒளித்தவரும் இல்லை. அபராவன் தொகுதியில் 1964, 1966, 1970 என மூன்று முறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார், மூன்று முறையும் தோற்றார். சுரங்கத் தொழிலாளர்கள் ஓட்டை லேபர் கட்சிக்குப் போட்டுவிட்டு, உடம்பைக் காட்ட இவரிடம் வந்தார்கள். கெட்டிக்காரர்கள்!

அவர் பெயரை மருத்துவ வரலாற்றில் பதித்த வேலை 1968-ல் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு வெளியே தெரியாத நோய். தலைசுற்றல்கூட இல்லாமல் ஒரு ஆள் பத்து வருஷம் சுரங்கத்தில் இறங்கி ஏறுவார், ஒரு நாள் காலை வாய் கோணிக் கிடப்பார். அதற்கு மாத்திரை கொடுத்தால் பலன் உண்டா என்பதே அதுவரை வாதத்தில் இருந்தது. 1967-ல் அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களை வைத்து எட்வர்ட் ஃப்ரைஸ் குழுவினர் நடத்திய சோதனை, கடுமையான ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை பலன் தருகிறது என்று காட்டியது. அப்படியானால் அடுத்த கேள்வி, இந்த ஊரில் யார் யாருக்கு அது இருக்கிறது?

நாமாக இருந்தால் முகாம் போட்டிருப்போம். பந்தல், பேனர், ஒலிபெருக்கி. முகாமுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். குடியும் புகையுமாக இருக்கும் ஆள், வேலையை விட்டு வர முடியாத ஆள் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். டியூடர் ஹார்ட் வேறு வழி பிடித்தார். தொண்டைக் கட்டு, முதுகுவலி, விடுப்புக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் என்று எதற்காக வந்தாலும் சரி, சட்டைக் கையை மடிக்கச் சொல்லி பி.பி. பார்த்துக் குறித்துக்கொள்வார். சில வருஷத்துக்குள் ஊரில் பெரும்பாலானோர் ஒரு தடவையாவது டாக்டரிடம் வந்துதானே ஆக வேண்டும்? 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் யார் பெயருக்கு எதிரே இன்னும் எண் இல்லை என்று பார்த்து, மிஞ்சியவர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அப்படியும் வராதவரின் வீட்டுக்கே பி.பி. கருவி போய்விடும். தன் பொறுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்த முதல் டாக்டர் என்று அவரைச் சொல்வது வழக்கம்.

என் கணக்கில் அவருடைய கருணை வராதவர்களின் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து அழுகிறவரிடம் இரக்கம் காட்டுவது பெரும்பாலான டாக்டர்களுக்கு இயல்பாக வரும். வராதவரின் பெயரை நினைவில் வைத்திருக்க, ரிஜிஸ்டரும் பிடிவாதமும் வேண்டும். இதைத் தனி ஆளாக அவர் செய்யவில்லை. ஆராய்ச்சியில் தேர்ந்த மனைவி மேரி, நர்ஸுகள், மற்ற ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்த தேர் அது. ஊராரும் சும்மா இருக்கவில்லை. உப்பைக் குறைத்தால் அழுத்தம் குறையுமா என்று எண்பதுகளில் ஓர் ஆய்வு நடந்தபோது, நாள் முழுக்கக் கழித்த சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து அவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். டாக்டர் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒரு ஊர் இதற்குச் சம்மதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிளின்கோரூக்கில் 25 ஆண்டுகள் பார்த்த வேலையின் கணக்கை 1991-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். ரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களின் சராசரி அழுத்தம் 186/110-லிருந்து 146/84-க்கு இறங்கியிருந்தது. இத்தகைய ஏற்பாடு இல்லாத பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் 65 வயதுக்குள் நேரும் சாவு சுமார் 30 சதவீதம் குறைவு. சின்ன ஊர், சின்ன எண்கள். எல்லாப் பெருமையும் பி.பி. கருவிக்கே என்று இதை வைத்துச் சாதித்துவிட முடியாது. ஆனாலும் சுரங்கம் மூடி, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில் கிடைத்த எண்கள் இவை என்பதை மறந்துவிடக் கூடாது.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு நோயாளியின் கதை. 25 ஆண்டுகளில் அந்த நோயாளி கிளினிக்குக்கு வந்தது 310 தடவை. அவரோடு டாக்டர் செலவிட்ட நேரம் மொத்தம் 41 மணி. அதாவது தடவைக்கு எட்டு நிமிஷம்! ஆரம்பத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த இருவரும் போகப் போகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே காரியத்தைப் பார்ப்பவர்களாக மாறியதாக டாக்டர் சொல்கிறார். அந்த 25 ஆண்டுகளில் தனக்கு அதிகத் திருப்தி தந்தவை நடக்காமல் போன சம்பவங்கள் என்றும் எழுதுகிறார். பக்கவாதம் வரவில்லை, மாரடைப்பு வரவில்லை, சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போகவில்லை. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்த டாக்டருக்கு மாலை விழும். வராத மாரடைப்புக்கு யார் மாலை போடுவார்கள்?

இதற்கு நடுவே, 1971 பிப்ரவரியில் 'லான்செட்'டில் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகம் முழுக்கப் பரவியது. நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் வைத்தியத்தை விட்ட இடத்தில் இந்தக் கோணல் இன்னும் முற்றிவிடுகிறது என்பது அதன் சாரம். ‘தலைகீழ் கவனிப்பு விதி’ என்று அதற்கு அவரே பெயர் வைத்தார். நோயும் வறுமையும் மண்டிய சுரங்கப் பகுதி டாக்டருக்கு நோயாளிகள் அதிகம், ஆஸ்பத்திரி ஒத்தாசை குறைவு. வசதியான ஊர் டாக்டருக்கு எல்லாமே நேர்மாறு. மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் இதைச் சொல்லித் தருகிறார்கள். மாற்றவே முடியாது என்று விட்டுவிட இது இயற்கை விதி இல்லையே, மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடுதானே என்று அவர் கடைசிவரை வாதாடினார். கிளின்கோரூக்கில் அவரோடு வேலை பார்த்த கிரஹாம் வாட், பிற்பாடு ஸ்காட்லாந்தில் மிக ஏழ்மையான மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் 100 கிளினிக்குகளின் குடும்ப டாக்டர்களை ஒன்றுசேர்த்தார். டியூடர் ஹார்ட் 2018 ஜூலை 1 அன்று, 91 வயதில் காலமானார். சுகாதாரச் சேவையின் 70-வது பிறந்தநாளுக்கு நான்கு நாள் பாக்கி.

அவர் பரப்பிய இன்னொரு கணக்கு 'பாதி விதி'. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது தெரியும், தெரிந்தவர்களில் பாதிப் பேர்தான் மருந்து சாப்பிடுகிறார்கள், சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது. சென்னையில் ஒரு நடுத்தரக் குடியிருப்பையும் ஓர் ஏழைக் குடியிருப்பையும் எடுத்துக்கொண்டு டாக்டர் வி. மோகன் குழுவினர் இதைச் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். முதல் பாதியே இங்கே தேறவில்லை. மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்களுக்குத்தான் தமக்குக் கொதிப்பு இருப்பது தெரிந்திருந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் கதைக்கு வரும்போது இதை விரிவாகப் பார்ப்போம். அதற்கு முன், அடுத்த வாரம், டியூடர் ஹார்ட்டுக்கு ஆள் விடாமல் எண்ணக் கற்றுக்கொடுத்த ஆர்ச்சி காக்ரேன். ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க்கைதி முகாமில் டாக்டராக இருந்தவர்.

(தொடரும்)