சாலையின் மூப்பு

புதிதாகப் போட்ட கரிய சாலை சில ஆண்டுகளில் வெளிறி, வெடித்து, கல் உதிர்வதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். தார் என்று நாம் பொதுவாக வழங்கும் நிலக்கீல், காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகி, நெகிழ்ச்சி இழப்பதே இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். இம்மூப்பை முன்கூட்டியே அறிவது எவ்வாறு?

1940-இல் அமெரிக்க ஆய்வாளர்களான லூயிஸும் வெல்போர்னும் நிலக்கீலை மெல்லிய படலமாக ஊற்றி, 163 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில் 5 மணி நேரம் அடுப்பில் வைத்துச் சோதித்தனர். 1963-இல் கலிபோர்னியாவில் ஹ்வீம் குழுவினர் சுழலும் கண்ணாடிக் குப்பிகளைப் புகுத்தினர். சோதனை நேரம் வெகுவாகக் குறைந்தது. 2013-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயமும் இம்முறையை ஏற்றது. அடுப்பிலிருந்து எடுத்த நிலக்கீலின் பாகுத்தன்மை முன்னிருந்ததைப்போல் 4 மடங்குக்கு மேற்படலாகாது என்பது அதன் விதி.

எனினும், இவை காட்டுவது கல்லுடன் சூடாகக் கலந்து சாலையில் பரப்பும்போது நேரும் மூப்பையே. பின்வரும் ஆண்டுகளின் மூப்பை அறிய, 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம் அழுத்தக் கலத்தை உருவாக்கியது. அதில் காற்றழுத்தம் சுமார் 20 மடங்கு. காலம் 20 மணி.

ஆயினும், அக்கலத்தில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆகவே ஆய்வுக்கூடம் கூறும் தீர்ப்பைச் சாலையிலும் சரிபார்த்தல் இன்றியமையாதது.