வயரிங் ஹார்னஸ், பழைய மோட்டார் வண்டிகளில்

மோட்டார் வண்டியொன்றின் பேட்டரி, டைனமோ, இக்னிஷன் காயில், விளக்குகள், ஹாரன், வைப்பர் முதலிய மின்சாதனங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகள், தனித்தனியே அலைந்து தேய்ந்துவிடாதபடி ஒரே கட்டாகச் சேர்த்து, துணிப் பின்னலாலோ நாடாவாலோ பொதியப்பெற்று, வண்டியின் உடலோடு கிளிப்புகளால் பிணைக்கப்பட்டிருக்கும் தொகுதிக்கு வயரிங் ஹார்னஸ் என்று பெயர். பட்டறைகளில் இதனை வயரிங் செட் என்றே சொல்வர். தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த மூல ஹார்னஸ் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பழுதுறும்போது, அதைச் செப்பனிடுவதா அன்றி முழுவதும் மாற்றுவதா என்ற வினா பழைய வண்டி வைத்திருப்போர் அனைவருக்கும் எழுவது. இக்கட்டுரை, லூகாஸ் மின்சாதனங்கள் பூண்ட பிரிட்டிஷ் வண்டிகளையும் அவற்றின் வழிவந்த இந்திய வண்டிகளையும் பிரதான உதாரணமாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

வழிமரபு

பர்மிங்ஹாம் நகரின் ஜோசப் லூகாஸ் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வேண்டிய மின்சாதனங்களை வழங்கிவந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடரும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், திருவொற்றியூரில் உற்பத்தியான என்ஃபீல்டு புல்லட்டும் பிரிட்டிஷ் மரபில் வந்தவை. 1961-இல் தொடங்கப்பெற்றுச் சென்னையை அடுத்த பாடியில் இயங்கிவரும் லூகாஸ் டிவிஎஸ் அம்மரபை இந்நாட்டில் வேரூன்றச் செய்தது. இலங்கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மாரிஸ் மைனர் கார்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே இவற்றுள் ஒன்றின் வயரிங்கை நன்கறிந்த எலக்ட்ரீஷியனுக்கு மற்றவை பெரும்பாலும் புரியாமற் போவதில்லை.

அமைப்பு

ஹார்னஸ் ஒரு மரத்தைப் போலக் கிளைப்பது. என்ஜின் அறையில் தோன்றும் அடிமரம், ஓட்டுநர் அறைக்கு முன்னுள்ள தகட்டுச் சுவரிலுள்ள ரப்பர் வளையத்தின் வழியே டாஷ்போர்டுக்குச் சென்று, அங்கிருந்து ஒரு கிளையாக உடலின் ஓரமாய் டிக்கி வரையிலும் ஓடி, பின்விளக்குகளில் முடிவடையும். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையாக வண்டியின் இரும்பு உடலே பயன்படுவதால், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கம்பியே போதுமானதாகிறது. உடலோடு சேரும் இணைப்பை எர்த் என்பர். 1930களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வண்டிகளிற் பெரும்பாலானவை பேட்டரியின் பாசிட்டிவ் முனையையே எர்த் ஆக்கின. அதன்பின் நெகட்டிவ் எர்த் முறை பொதுவாயிற்று. இவ்வேற்றுமையை அறியாமல் புதிய ரேடியோவையோ டையோடுகள் கொண்ட ஆல்டர்னேட்டரையோ பழைய வண்டியிற் பொருத்துவோர் அதனை அக்கணமே இழக்க நேரும்.

கம்பி ஒவ்வொன்றும் மெல்லிய செப்பு இழைகள் பல சேர்ந்தது. அங்குல அளவில் 0.012 அங்குல விட்டமுள்ள இழைகள் 14 கொண்ட கம்பி சாதாரண விளக்குகளுக்கும், 28 கொண்டது ஹெட்லைட், ஹாரன் போன்றவற்றுக்கும், 44 கொண்டது பிரதான ஊட்டுப்பாதைக்கும் உரியன. மெட்ரிக் அளவில் இவை முறையே 1, 2, 3 சதுர மில்லிமீட்டர் கம்பிகளுக்கு நிகர். ஏறத்தாழ 8, 17, 25 ஆம்பியர் வரை இவை சூடேறாமல் தாங்கும். செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிள், நூறு ஆம்பியருக்கு மேலும் கடத்த வேண்டியிருப்பதால், ஹார்னஸில் சேராது தனியே செல்லும்.

நிறக்குறிகள்

லூகாஸ் மரபில் நிறங்கள் காரணத்தோடு அமைந்தவை. பழுப்பு நிறக் கம்பி பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இன்றி நேரே வருவது. வெள்ளை, சாவி திருகிய பின் உயிர்பெறுவது. அவ்வெள்ளையே ஃப்யூஸைக் கடந்து வந்தால் பச்சையாகி வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, அளவுமானிகள் ஆகியவற்றுக்குச் செல்லும். ஊதா, ஃப்யூஸுக்குப் பின்னும் எப்போதும் உயிருள்ளதாய் ஹாரனுக்கும் உள்விளக்குக்கும் ஊட்டுவது. ஹெட்லைட்டுக்கு நீலம், அதில் வெள்ளைக் கோடு பிரைட்டையும் சிவப்புக் கோடு டிம்மையும் உணர்த்தும். பார்க்கிங் விளக்குக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. ஜெர்மானிய வண்டிகளிலோ முனைகளுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும்: 30 என்பது பேட்டரி, 15 என்பது இக்னிஷன், 31 என்பது எர்த். இன்றும் கடையில் வாங்கும் ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று பொறித்திருப்பது அம்மரபின் தொடர்ச்சியே. வண்டிக்குரிய வயரிங் படம் கையிலிருந்து, கம்பியின் நிறமும் மங்காதிருந்தால், பழுது பாதி அகப்பட்டது போலத்தான். ஆனால் முன்பொருவர் கையிற் கிடைத்த சிவப்புக் கம்பியைக் கொண்டே அனைத்தையும் ஒட்டுப் போட்டிருப்பாராயின், அப்படமும் வழி தவறச் செய்யும்.

பழுதுறுவதன் காரணங்கள்

ஹார்னஸின் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது செம்பன்று, அதன்மேலுள்ள உறையே. 1950களின் நடுப்பகுதி வரை கம்பிகள் ரப்பர் உறையும் அதன்மேல் மெருகிட்ட பருத்திப் பின்னலும் கொண்டிருந்தன. ரப்பர், காற்றினாலும் வெப்பத்தினாலும் எண்ணெயினாலும் நாளடைவில் இறுகி, தொட்டால் உதிரும் நிலையை அடையும். பின்னர் வந்த பிவிசி உறை நீடித்து உழைப்பதாயினும், அதனை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மானப் பொருள் வெப்பத்தால் மெல்ல வெளியேறுவதால், என்ஜினை ஒட்டிய பகுதிகளில் அதுவும் விறைத்து வெடிக்கும். இது மிகப் பழைய வண்டிகளுக்கு மட்டும் நேரும் குறையன்று: 1980களின் வால்வோ கார்கள் சிலவற்றிலும், 1990களின் முற்பகுதியில் வெளிவந்த மெர்ஸிடஸ் பென்ஸ் கார்கள் சிலவற்றிலும் என்ஜின் ஹார்னஸின் உறை சில ஆண்டுகளுக்குள்ளேயே பொடிந்துபோனமை பிரசித்தம்.

இரண்டாவது காரணம் ஈரம். வெட்டப்பட்ட முனைவழியே புகும் நீர், உறைக்கும் இழைகளுக்கும் இடையே ஊர்ந்து சென்று, வெளித்தோற்றத்தில் பழுதற்ற கம்பியின் உட்புறத்தைக் கறுப்பாக்கிவிடும். அவ்வாறு கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. மூன்றாவது, தகட்டின் கூர்விளிம்பிற் படும் உராய்வும் எலிக்கடியும். நான்காவதும் நடைமுறையில் முதன்மையானதும் மனிதர் கைவேலை: கூடுதல் ஹாரன், பனிவிளக்கு, பாட்டுப்பெட்டி ஆகியவற்றுக்காக அங்கங்கே உறையைக் கீறி, கம்பியை முறுக்கி, டேப் சுற்றிவிட்ட இணைப்புகளே பழைய வண்டிகளில் நேரும் தீவிபத்துகள் பலவற்றுக்கு மூலமாகின்றன.

அறிகுறிகள்

விளக்குகள் மங்குதல், ஃப்யூஸ் அடிக்கடி போதல், இரவு நிறுத்திய வண்டியின் பேட்டரி காலையில் இறங்கியிருத்தல், சாவியைத் திருகியதும் ரப்பர் கருகும் மணம் எழுதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். பிரேக்கை மிதிக்கும்போது பார்க்கிங் விளக்கு மங்கி, இண்டிகேட்டரும் உடன் மினுக்கினால், குறை பெரும்பாலும் கம்பியில் இராது. அவ்விளக்குகளுக்குப் பொதுவான எர்த் அற்றுப்போய், மின்னோட்டம் மற்றொரு பல்பின் இழைவழியே திரும்பப் பார்க்கிறது என்பதே பொருள். அவ்வாறே, ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்துள்ள என்ஜினை உடலோடு இணைக்கும் செப்புப் பட்டை அறுந்திருந்தால், செல்ஃப் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெரும் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ பாய்ந்து அதனைக் கொதிக்கச் செய்யும். இதனை உணராமல் கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டிருப்போர் உண்டு.

சோதனை

ஷார்ட் உள்ள இடத்தைக் காண்பதற்கு அனுபவசாலிகள் கையாளும் எளிய உபாயமொன்று உண்டு. போய்விட்ட ஃப்யூஸின் இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்துவிட்டால், ஷார்ட் நீடிக்கும் வரை அது முழுப் பிரகாசத்தோடு எரியும். பல்பே மின்னோட்டத்தை நாலைந்து ஆம்பியருக்குள் கட்டுப்படுத்துவதால் கம்பி கருகாது. அந்நிலையில் ஹார்னஸைப் பகுதி பகுதியாக அசைத்தும், கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் வந்தால், பல்பு மங்கும் இடத்தில் குற்றம் அகப்படும்.

பேட்டரி இறங்குவதற்குக் காரணம் அறிய, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, எர்த் கேபிளுக்கும் பேட்டரிக்கும் இடையே அம்மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். கடிகாரமோ ரேடியோவோ இல்லாத பழைய வண்டியில் அது பூஜ்யத்தைக் காட்டுவதே முறை. விளக்கு மங்கலாயின், அதனை எரியவிட்டு, பேட்டரி முனைக்கும் பல்பு முனைக்கும் இடையேயான அழுத்த இழப்பை வோல்ட் மீட்டரால் அளக்கலாம்; அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் பாதையில் எங்கோ தடை உண்டு. இழை பல்பின் ஒளி, அழுத்தத்தின் விகிதத்தைக் காட்டிலும் மிக விரைவாகக் குறைவது. பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் ஒளியில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு போய்விடும்.

செப்பனிடுதலா, மாற்றுதலா

இதற்குரிய அளவுகோல் உறையின் நிலைமையே. ஹார்னஸ் மிக அதிகமாகச் சூடுபடும் இடத்தில், அதாவது டைனமோவுக்கும் அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டிக்கும் அருகில், கம்பியொன்றை மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். உறை வெடிக்காமல் வளைந்து கொடுத்தால், குறை முனைகளிலும் இணைப்புகளிலும் மட்டுமே இருக்கக்கூடும். ஆதலின் செப்பனிடுதல் போதும். உறை வெடித்தாலோ, பிரதான ஊட்டுக்கம்பி ஒருமுறை உருகி அண்டைக் கம்பிகளோடு ஒட்டியிருந்தாலோ, ஓரிடத்தை மட்டும் சீர்செய்வது பயனற்றது. இன்று ஓரிடத்தில் தெரிந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத பல இடங்களிலும் இருக்கும் என்பது நிச்சயம். என்ஜின் பகுதி மட்டும் கெட்டு, பின்புறக் கிளை நலமாக இருப்பதும் சாதாரணம். அப்போது முன்பகுதியை மாத்திரம் மாற்றி, இடைப்பட்ட இணைப்பிற் சேர்த்துக்கொள்ளலாம். மூலநிலையைப் பேணும் பழமை வண்டிகளில் செப்பனிடுதலுக்குத் தனி மதிப்பு உண்டெனினும், அம்மதிப்பு அபாயத்தை ஈடுசெய்யாது.

செப்பனிடும் முறை

கெட்ட கம்பியைக் கறுப்பற்ற செம்பு காணும் வரை பின்னோக்கி வெட்டி, அதே பருமனும் நிறமும் உடைய கம்பியை இணைக்க வேண்டும். பல கம்பிகளை ஒட்ட நேர்ந்தால், ஒட்டுகளை ஒரே இடத்தில் வைக்காது முன்பின்னாக அமைத்தால், கட்டும் புடைக்காது, ஒன்றோடொன்று உரசும் அபாயமும் நீங்கும். ஈயம் பற்றவைத்த இடத்துக்கு அடுத்துள்ள கம்பி, ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துவிடுவதால், வண்டியின் அதிர்வில் அங்கேயே அறும். ஆதலால் அவ்விடத்தைச் சூட்டில் சுருங்கும் ஸ்லீவால் மூடி, இருபுறமும் தாங்கல் கொடுக்க வேண்டும். முனைகளில் லக் அல்லது திம்பிளைச் சாதாரணக் குறட்டால் நசுக்காமல், அதற்குரிய கருவியால் அழுத்த வேண்டும். லூகாஸ் புல்லெட் இணைப்பிகளில் துருவேறிய உட்குழாய்களைச் சுரண்டிப் பயனில்லை. புதியவற்றை இடுவதே மேல். எர்த் இணைப்புகளைக் கழற்றி, பெயின்டையும் துருவையும் நீக்கித் தகடு பளிச்சிடும்படி தேய்த்து மீண்டும் முடுக்கினாலே, பல வண்டிகளில் பாதிக் குறைகள் மறைந்துவிடுகின்றன.

மாற்றும் முறை

முதலிற் பேட்டரியின் எர்த் முனையையே கழற்ற வேண்டும். மற்ற முனையை முதலிற் கழற்றினால் ஸ்பானர் உடலில் பட்டுப் பெரும்பொறி எழக்கூடும். மீண்டும் இணைக்கையில் எர்த் இறுதியில் வரும். அடுத்து, ஒவ்வொரு கம்பியும் எந்த முனையில் இருந்தது என்பதை, கட்அவுட் பெட்டியின் மேற்பொறித்த எழுத்துகளோடு சேர்த்துச் சீட்டெழுதிக் கட்டி, படமும் எடுத்துவைத்து, பழைய ஹார்னஸை அறுக்காமல் முழுதாக வெளியே எடுக்க வேண்டும். குழல்போன்ற உட்பாதைகளின் வழியே செல்லும் கிளைகளின் வாலில் சணற்கயிற்றைக் கட்டி இழுத்தால், அக்கயிறே புதிய கிளையை உள்ளே கொண்டுவர உதவும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் ஹார்னஸ் வாங்காமல் புதிதாகக் கட்டுவோர், பழையதை ஒரு பிளைவுட் பலகையில் பரப்பி, கிளைபிரியும் இடந்தோறும் ஆணியடித்து, அவ்வாணிகளைச் சுற்றியே புதிய கம்பிகளை இழுப்பர். இவ்வாறு செய்தால் நீளம் பிசகாது. சுற்றுவதற்குப் பசையற்ற பிவிசி நாடாவே உகந்தது; சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை என்ஜின் சூட்டில் இளகி வழிந்து, நாளடைவில் நாடாவும் பிரிந்துவிடும். கிளைகளின் நுனியிலிருந்து அடிமரம் நோக்கி, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுவது வழக்கம். தகடு துளைக்கப்பட்ட இடமெங்கும் ரப்பர் வளையம் இன்றியமையாதது. வேலை முடிந்தபின், பேட்டரியை நேரே இணைக்காமல், இடையே 21 வாட்டுப் பல்பொன்றை வைத்து முதற்சோதனை செய்வது விவேகம்: சுவிட்சுகள் யாவும் அணைந்திருக்கையில் அது எரிந்தால் எங்கோ பிழை உண்டு என்று அறியலாம்.

செய்யத்தக்க திருத்தங்கள்

1950களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டே ஃப்யூஸ்கள்; ஹெட்லைட் பாதைக்கு ஃப்யூஸே கிடையாது. ஹார்னஸைப் புதுப்பிக்கும் தருணத்தில் அதற்கொன்று சேர்ப்பது பாதுகாப்புக்கு நன்று. அதிகச் சக்தியுள்ள பல்பு போடுவோர், பழைய சுவிட்சின் வழியே அம்மின்னோட்டம் முழுவதையும் செலுத்தலாகாது: 60 வாட்டுப் பல்புகள் இரண்டு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் கொள்ளும். சுவிட்ச் ஒரு ரிலேயை மட்டும் இயக்க, ரிலே பேட்டரியிலிருந்து தனிக்கம்பியில் ஊட்டுமாறு அமைத்தால், விளக்கும் பிரகாசமாகும், சுவிட்சும் நீடிக்கும். பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ்வாக மாற்ற விரும்புவோர், பேட்டரியோடு இக்னிஷன் காயிலின் சிறு இணைப்புகளையும் அம்மீட்டரின் இணைப்புகளையும் இடம்மாற்றி, டைனமோவின் காந்தச் சுருளுக்குக் கணநேரம் புதிய திசையில் மின்னோட்டம் கொடுத்து அதன் துருவத்தையும் மாற்ற வேண்டும்.

இத்திருத்தங்களுள் எதைச் செய்தாலும், மூல வயரிங் படத்தின் பிரதியொன்றில் புதிய கம்பியின் நிறம், பருமன், ஃப்யூஸின் அளவு ஆகியவற்றை உரிய இடத்திற் குறித்து வண்டியிலேயே வைத்திருத்தல் வேண்டும். அடுத்து அவ்வண்டியின் பானெட்டைத் திறக்கும் எலக்ட்ரீஷியன், எது தொழிற்சாலையில் அமைந்தது, எது பின்னர்ச் சேர்ந்தது என்பதை அக்குறிப்பைக் கொண்டே பிரித்தறிய இயலும்.